ஏரிக்கரைப் பெரியவருக்கு வந்த செய்தித்தாள்

எண்பதுகளின் நடுப்பகுதியில் சுவிஸின் லோசான் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தேன். எலும்பு முறிந்தவர்கள் படுத்திருக்கும் மூன்றாம் மாடி என் பொறுப்பு. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பின்னேரம் மூன்று மணிக்கு முடியும். அகதி விண்ணப்பம் கொடுத்து இரண்டு வருடமாகியும் பதில் வரவில்லை. பதில் வரும்வரை வேலை செய்யலாம் என்று ஒரு தாள் தந்திருந்தார்கள். அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் விறாந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தலைமைத் தாதி என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய உயரமான பெண். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சுக்காக மட்டும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார்.

"வாளியை விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் நாட்டுக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். நாங்கள் கேட்பது ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை."

எங்கள் பெடியன் எவனோ கட்டட வேலையில் விழுந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். கட்டிலில் கிடந்தவருக்கு எழுபது வயதிருக்கும். அகன்ற முகம், ஒட்ட வெட்டிய நரைமயிர். விரல்களில் பழைய வெட்டுக்காயங்கள் நிறைய இருந்தன. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இவர் எங்கள் ஆள் இல்லை" என்றேன்.

"தாளில் இந்தியர் என்று எழுதியிருக்கிறதே."

பிரெஞ்சில் இந்திய நாட்டவருக்கும் செவ்விந்தியருக்கும் ஒரே சொல். கட்டிலில் கிடந்தவர் கனடாவின் வடக்கில், ஏரிகளும் காடுமான ஒரு பகுதியிலிருந்து வந்த ஆதிக்குடி மனிதர். நான் இலங்கையிலிருந்து வந்த தமிழன். எங்கள் இரண்டு பேருக்கும் இந்தியாவோடு ஒரு சம்பந்தமும் இல்லை என்பதைத் தாதிக்கு விளக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் சிரிக்கவில்லை. "சரி, உங்களுக்கு ஆங்கிலம் தெரியும்தானே?" என்று கேட்டார். ஊரில் தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் நான். தெரியும் என்றேன். வைத்தியர்களுக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் தெரியும். ஆனால் அவர்கள் காலையில் வந்து இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்கள். நான் மூன்று மணிவரை அங்கேயே நிற்பவன்.

அன்று பத்து மணிபோல அந்த முதியவருடைய மருமகள் வந்தாள், தங்கை மகள். நாற்பது வயதுக்கு உட்பட்டவள். நல்ல ஆங்கிலம் பேசினாள். கதையை அவள்தான் சொன்னாள்.

அவர்கள் ஊர் ஏரிக்குக் குறுக்கே அணை கட்டப்போகிறார்கள். கட்டினால் தண்ணீர் மேலேறும். ஏரிக்குள் நீண்டிருக்கும் ஒரு முனையில்தான் ஊர் மயானம் இருக்கிறது. அது முழுதும் மூழ்கிவிடும். ஜெனீவாவில் நடந்த கூட்டமொன்றில் இதைச் சொல்வதற்காக அவரை ஊர் அனுப்பியிருந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆதிக்குடிகள் வந்து பேசும் கூட்டம் அது. ஜெனீவாவில் தங்க வசதியில்லாமல் லோசானில் ஒரு தேவாலய விடுதியில் இடம் கொடுத்திருந்தார்கள். பேசவேண்டிய நாளன்று விடியக்காலை, ரயில் நிலையத்துக்கு இறங்கும் படிகளில் அவர் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவர் சத்திரசிகிச்சை மேசையில் கிடந்த நேரத்தில் மருமகள் ஜெனீவாவுக்குப் போய் அவருடைய பேச்சைக் கடதாசியிலிருந்து வாசித்துவிட்டு வந்தாள்.

"மாமா சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். நான் வாசித்தபோது பாதிப் பேர் கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள்" என்றாள்.

அவள் பத்து நாள் நின்றாள். வீட்டில் சின்னப் பிள்ளைகள், விமான ரிக்கற்றையும் மாற்ற முடியாது. மூன்று கிழமையில் அவர் பயணம் செய்யலாம் என்று வைத்தியர் சொன்னார், அப்போது வந்து கூட்டிப்போகிறேன் என்றாள். போவதற்கு முதல்நாள் ஒரு கட்டுத் தாள்களை என் கையில் தந்தாள். அவர்கள் ஊரில் இரண்டு கிழமைக்கொருமுறை வரும் செய்தித்தாள். தட்டச்சு அடித்து, உருட்டிப் பிரதி எடுத்து, மூலையில் ஊசி குத்தியது. அதை நடத்துபவள் அவள்தான்.

"மாமாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. பேசுவதும் கொஞ்சம்தான். ஆனால் மெதுவாக வாசித்தால் விளங்கும். உங்களுக்கு நேரம் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். புதிது வரவர அனுப்புகிறேன்."

நேரம் இருந்தது. மூன்று மணிக்குப் பிறகு எனக்குப் போக வேறு இடமும் இல்லை. ஆறு பேர் இருந்த அறைக்குப் போய்ச் சுருண்டு படுப்பதுதான் வேலை. அடுத்த நாள் உடுப்பை மாற்றிவிட்டு அவருடைய கட்டிலருகில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன்.

அந்தத் தாளில் அணையைப்பற்றி அதிகம் இல்லை. யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்த வள்ளத்தின் எஞ்சின் பழுது, மண்டபத்துக் கூரை எப்போது திருத்தப்படும், நகரத்துக் கண் வைத்தியர் எந்த நாளில் வருகிறார் என்பவைதான் இருந்தன. கடைசிப் பக்கத்தில் முதியோருக்கென்று ஓர் இடம். தனியே இருக்கும் முதியவர்களின் பெயர்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இந்தக் கிழமை யார் விறகு கொண்டுபோவது, யார் தண்ணீர் சுமப்பது, யார் மீன் கொடுப்பது என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அவர் ஒரு வரி விடாமல் கேட்பார். பெயர்களை நான் பிழையாக உச்சரித்தால் கையைத் தூக்கித் திருத்துவார். ஓர் இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அவன் விறகு கொண்டுபோக மாட்டான். சோம்பேறி. மனைவிதான் கொண்டுபோவாள்."

அவரும் அந்த வரிசையில் விறகு கொடுப்பவர்களில் ஒருவர். இருபது வருடமாக இரண்டு கிழவிகளுக்கும் கண் தெரியாத ஒருவருக்கும் அவர்தான் விறகு வெட்டிக் கொடுத்திருக்கிறார். தன்னை வயதானவர் என்று அவர் நினைத்திருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் வாசிப்பை இடையில் நிறுத்தி, "உன் அம்மா இருக்கிறாவா?" என்று கேட்டார்.

"இருக்கிறா. யாழ்ப்பாணத்தில."

"தனியாகவா?"

"ஓம்."

"அவவுக்கு ஆர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது?"

வளவில் கிணறு இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. பழைய அயலவர்கள் ஷெல்லடிக்குப் பயந்து இடம்பெயர்ந்துவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் தாளைத் தொடரும்படி கையைக் காட்டினார்.

மூன்று கிழமை முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. வெட்டிய இடத்தில் சீழ் கட்டியிருந்தது. மறுபடி சத்திரசிகிச்சை செய்தார்கள். பயணம் இன்னும் ஆறு கிழமைக்கு இல்லை என்றார்கள். அதை அவருக்குச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஆறு விரலைக் காட்டினேன். அவர் என் கைகளைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கிவிட்டார்.

நான் தங்கியிருந்த அறையில் ஒருவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். லோசானிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த தமிழர்களுக்காக அவரும் மாதம் ஒரு தாள் அடித்துக் கொடுத்துவந்தார். ஊரில் நடந்த சாவுகள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள், விசாரணைக்கு என்னென்ன கடதாசி கொண்டுபோகவேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். அவரிடம் கேட்டேன்.

"அண்ணை, எங்கட பேப்பரில ஒரு சின்ன விசயம் போடேலுமோ?"

"என்ன?"

"ஆஸ்பத்திரியில ஒரு வயசாளி தனியக் கிடக்கிறார். பாக்க ஒருத்தரும் வாறேல்லை. ஆரும் ஞாயிற்றுக்கிழமையில வந்து இருந்திட்டுப் போனா நல்லம்."

"தமிழரோ?"

"இல்லை. செவ்விந்தியர்."

அண்ணை எழுத்துத் தாளை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கட சனத்துக்கே பாக்க ஆளில்லை. நீ செவ்விந்தியருக்கு ஆள் சேக்கிறாய்."

ஆனாலும் அந்த மாதத் தாளின் அடியில் இரண்டு வரி போட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். ஒருவர் தோசை சுட்டுக் கொண்டுவந்தார். கட்டிலைச் சுற்றி நின்றோம். முதியவர் ஒரு தோசையைப் பிய்த்துத் தின்றுவிட்டு உப்புக் கேட்டார். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்கடுத்த ஞாயிறு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் ரெஸ்ரோரண்டுகளில் கோப்பை கழுவும் வேலை இருந்தது.

செப்ரெம்பர் கடைசியில் வந்த செய்தித்தாளில், முதியோர் வரிசையில் ஒரு புதுப்பெயர் இருந்தது. வழமைபோல வாசித்துக்கொண்டு போனேன். பெயரைச் சொன்ன பிறகுதான் அது அவருடைய மனைவியின் பெயர் என்று விளங்கியது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் இருப்பதால், அவர் திரும்பும்வரை விறகுக்கு இன்னார், தண்ணீருக்கு இன்னார் என்று எழுதியிருந்தது.

"திரும்ப வாசி" என்றார்.

வாசித்தேன்.

"திரும்ப."

மூன்றாவது முறையும் வாசித்தேன். தாளை என் கையிலிருந்து வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வேறெதையும் வாசிக்க விடவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி கூடப் போட்டுக் கடும் சாயமாகக் குடிப்பதுதான் அவருக்குப் பிடிக்கும். அதையும் தொடவில்லை.

பத்து நாளுக்குப் பிறகு, மூன்று மணியாக இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது, தலைமைத் தாதி ஓடிவந்தார். கனடாவிலிருந்து ரெலிபோன். அந்தக் காலத்தில் எங்கள் மாடியில் தாதிகளின் மேசையில்தான் ரெலிபோன் இருந்தது. ரிசீவரை எடுத்தபோது மருமகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. ஒரு சொல் கேட்டால் அடுத்த சொல் விழுங்கப்பட்டுவிடும்.

மாமி இறந்துவிட்டா என்றாள். தண்ணீர் கொண்டுபோனவர் காலையில் போய்ப் பார்த்தபோது கட்டிலிலேயே கிடந்திருக்கிறா. நித்திரையில் போயிருக்கலாம்.

"மாமாவிடம் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். நாளை மறுநாள் அடக்கம். அன்று காலை பத்து மணிக்கு நான் எடுக்கிறேன், உங்களுக்குப் பின்னேரம் ஐந்து மணி. அவரிடம் நானே பேசவேண்டும். அவருடைய கட்டிலுக்கு ரெலிபோன் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள்."

தாதியிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். பிறகு, ஆஸ்பத்திரிப் பாதிரியாரைக் கூப்பிடுவோம், இதைச் சொல்வது துப்புரவு செய்பவரின் வேலையல்ல என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னார். பாதிரியாருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் சொன்னாலும் பக்கத்தில் நின்று நான்தான் மொழிபெயர்க்கவேண்டும்.

அதற்கு முந்திய வருடம் என் அப்பா செத்தது எனக்கு இருபத்திரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். கொழும்புக்குப் போன யாரோ ஒருவர் கொண்டுபோய்ப் போட்ட கடிதத்தில் வந்தது. அந்த இருபத்திரண்டு நாளும் நான் சிரித்திருக்கிறேன், சீட்டு விளையாடியிருக்கிறேன், அப்பாவுக்கு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். அதை நினைத்ததும் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. நானே சொல்கிறேன் என்றேன்.

உள்ளே போனபோது அவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். என் கையில் துடைக்கும் தடி இல்லாததைக் கவனித்தார். கதிரையில் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல மென்மையான சொற்கள் இருக்கின்றன. அவை அவருக்கு விளங்காமல் போய்விடுமோ என்று பயந்து, மிகச் சாதாரணமான சொல்லையே எடுத்தேன். உங்கள் மனைவி செத்துவிட்டா. நித்திரையில். நேற்று இரவு.

அவர் அசையவில்லை. விளங்கவில்லையோ என்று மறுபடி வாயெடுத்தேன். கையைத் தூக்கி நிறுத்தினார்.

"தண்ணீர் கொண்டுபோனவன் வந்தானா?"

"வந்தார். அவர்தான் கண்டது."

"விறகு இருந்ததா? அடுப்பு எரிந்ததா?"

எனக்குத் தெரியாது. அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. தெரியாது என்று சொன்னேன். வாழ்க்கையில் எத்தனையோ கேள்விகளுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தடவை சொன்னதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

"நான் வீட்டுக்குப் போகவேண்டும்" என்றார்.

தாதி வைத்தியரை அழைத்துவந்தார். வைத்தியர் நல்லவர், கட்டிலில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். காயம் இன்னும் திறந்திருக்கிறது. விமானத்தில் படுக்கவைத்துக் கொண்டுபோகவேண்டும், கூடவே தாதி போகவேண்டும், அதை ஒழுங்குபண்ணவே ஒரு கிழமைக்கு மேலாகும், அதுவரை காய்ச்சல் வரக்கூடாது. சொன்னதெல்லாம் நியாயம். ஒவ்வொன்றாக நான் சொல்லச்சொல்ல முதியவர் தலையை ஆட்டினார். வைத்தியர் எழுந்து போனதும் என்னைப் பார்த்து, முன்பு சொன்னதையே அதே குரலில் சொன்னார்.

"நான் வீட்டுக்குப் போகவேண்டும்."

அன்று அறைக்குப் போய் அண்ணையிடம் சொன்னேன். ஏதாவது செய்யலாமோ, யாருக்காவது கடிதம் எழுதலாமோ என்று கேட்டேன். அண்ணை கடிதம் எழுதாத கந்தோர் சுவிஸில் இல்லை.

"ஆருக்கெண்டு எழுதிறது?" என்றார். "டொக்டர் சொல்லுறதும் சரி, அந்த மனிசன் கேக்கிறதும் சரி. இதில ஆரைப் போய்ப் பிழை சொல்லுறது? நீ போய்ப் பக்கத்தில இரு. அவ்வளவுதான் ஏலும்."

அடக்க நாளன்று தாதி எங்கிருந்தோ நீளமான வயரோடு ஒரு ரெலிபோனைப் பிடித்து, அவருடைய கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். தன் வேலை நேரம் முடிந்திருந்தும் நின்றார். முதியவர் முகம் சவரம் செய்யச் சொல்லிக் கேட்டார், நான் செய்துவிட்டேன். கட்டம்போட்ட சேர்ட்டைப் போட்டு, மேல் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். ஐந்து மணிக்குச் சில நிமிடம் பிந்தி மணி அடித்தது.

அவர் தன் மொழியில் பேசினார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவரை நீளமாகப் பேசக் கேட்டேன். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகக் கத்தரித்துப் பேசும் மனிதர் அங்கே இல்லை. வேறொரு ஆள் பேசுவதுபோல் இருந்தது. முதலில் தாழ்ந்த குரலில் கேள்விகள் கேட்டார். பதில்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். குரல் உயர்ந்தது. ஒரே சொல்லை இரண்டு மூன்று முறை சொன்னார். பிறகு நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். மறுபடி சொன்னார். ரிசீவரைக் கண்முன் கொண்டுவந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

வாங்கிக் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. தொடர்பு அறுந்துவிட்டது.

"கூப்பிடு" என்றார்.

மருமகள் தந்திருந்த இலக்கத்தைச் சுற்றினேன். அந்த ஊரில் பொதுவில் ஒரு ரெலிபோன்தான், தேவாலயத்துக்குப் பக்கத்திலுள்ள கந்தோரில் இருந்தது. மணி போகவில்லை. திரும்பச் சுற்றினேன். தாதி வாங்கிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தொலைபேசி நிலையத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, அவளிடம் கெஞ்சுவதுபோல் பேசினார். கனடாப் பக்கத்தில் லைன் இல்லை, முயற்சி செய்துகொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது.

அந்த இடைவெளியில் அவர் எனக்கு விளக்கினார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் போதவில்லை. போர்வையில் விரலால் ஏரியைக் கீறினார். முனையைக் கீறினார். முனையில் ஓர் இடத்தைத் தொட்டு, "என் மகன்" என்றார். அவர்களுக்கு ஒரே மகன், சின்ன வயதில் இறந்தவன், அங்கேதான் கிடக்கிறான். மகனுக்குப் பக்கத்தில் மனைவிக்கென்று இடம் விட்டிருந்தார்கள். இப்போது ஊர்ச் சபை கூடி, பழைய மயானம் எப்படியும் தண்ணீருக்குள் போகப்போகிறது, இனிப் புதைப்பவர்களைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் புதைப்போம் என்று முடிவெடுத்திருக்கிறது. மருமகள் அவருடைய சம்மதத்தைக் கேட்டிருக்கிறாள். அவர் வேண்டாம் என்று சொன்னார். அது அவளுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை.

"சொல்லு அவளுக்கு. வேண்டாம். மகனிடம்."

"சொல்கிறேன். லைன் வரட்டும்."

"இப்போது சொல்லு."

ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே ஏரியும் அதற்கப்பால் பிரான்சின் மலைகளும் தெளிவாகத் தெரிந்தன. அன்று நல்ல வெயில் நாள். அங்கே ஏற்கெனவே வெட்டிவைத்த குழியைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள் என்று நினைத்தேன். ஒரு சொல்தான் போய்ச் சேரவேண்டும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் ஒரு ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு மணியானது. ஆறரையானது. தாதி ஒரு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழு மணிக்கு லைன் கிடைத்தது. நான்தான் எடுத்தேன். மருமகள் அழுது களைத்த குரலில், எல்லாம் முடிந்துவிட்டது, சனம் மண்டபத்தில் சாப்பிடுகிறது என்றாள்.

"எங்கே புதைத்தீர்கள்?"

"மேட்டில். மாமா சரி என்றுதானே ரெலிபோனை வைத்தார்?"

"அவர் வைக்கவில்லை. லைன் அறுந்தது. வேண்டாம் என்று சொன்னார்."

"அவரிடம் கொடுங்கள்" என்றாள்.

ரிசீவரை நீட்டினேன். முதியவர் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். வாங்கவில்லை. மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவளிடம், அவர் படுத்துவிட்டார் என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகும் செய்தித்தாள்கள் வந்தன. கொண்டுபோவேன். வேண்டாம் என்று தலையாட்டுவார். அவருடைய மேசையில் உறை உடைக்காமல் மூன்று சேர்ந்துவிட்டன. நான் மட்டும் மூன்று மணிக்குப் பிறகு போய் உட்கார்ந்திருப்பேன். சில நாட்களில் தேத்தண்ணி குடிப்பார். சில நாட்களில் என் வேலைத் தடியைப் பார்த்து, கட்டிலுக்கு அடியில் தூசி இருக்கிறது என்று கையால் காட்டுவார். உண்மையிலேயே இருக்கும். துடைத்துவிடுவேன். காயம் ஆறியது. நடை பழக்கினார்கள். இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் அந்த முனைவரை போய்வருவார்.

நவம்பரில் மருமகள் வந்தாள். ஊரார் மண்டபத்தில் விருந்து வைத்தும் சீட்டுக் குலுக்கியும் அவர்கள் இருவருக்கும் ரிக்கற் சேர்த்திருந்தார்கள். அவர் அவளை வரவேற்றார், கன்னத்தைத் தொட்டார், கோபமாக ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. விறாந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உங்களிடம் ஏதாவது சொன்னாரா? என்னைத் திட்டினாரா?"

"இல்லை."

"திட்டியிருந்தால் நல்லது."

புறப்பட்ட நாளில் சக்கர நாற்காலியைக் கீழ் வாசல்வரை தள்ளிக்கொண்டு போக எனக்கு அனுமதி கிடைத்தது. வாசலில் தலைமைத் தாதி வந்து அவருடைய கழுத்தில் ஒரு கம்பளித் துணியைச் சுற்றிவிட்டார். வண்டியில் ஏற்றியபிறகு அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"உன் அம்மாவுக்கு எழுது" என்றார். அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் மருமகளிடமிருந்து ஒரு கடிதம் ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்தது. மாமா தங்கை வீட்டில் இருக்கிறார், இரண்டு பொல்லு ஊன்றி நடக்கிறார் என்று எழுதியிருந்தாள். அணை வேலை பின்போடப்பட்டிருக்கிறது. எத்தனை வருடத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. முனையிலுள்ள மயானம் வழமைபோலக் காய்ந்துதான் கிடக்கிறது. மாமியை அங்கே மாற்றவேண்டும் என்று மாமா சபையில் கேட்டார். புதைத்த உடலைத் தோண்ட நகரத்திலிருந்து கடதாசி வரவேண்டுமாம், எழுதியிருக்கிறோம், பதில் இல்லை. பனி உருகியதிலிருந்து மாமா காலையில் மேட்டுக்குப் போகிறார், பின்னேரம் படகில் முனைக்குக் கொண்டுபோய்விடச் சொல்கிறார். எங்களுக்கு நேரமிருக்கும் நாட்களில் கொண்டுபோகிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், உங்களுடைய விண்ணப்பம் என்ன ஆனது என்று கடைசியில் கேட்டிருந்தாள்.

அந்தக் கிழமைதான் எனக்கும் பதில் வந்திருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று. அண்ணை அதற்கான தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் நலம், வேலை இருக்கிறது, மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும் என்று எழுதினேன். அதற்குமேல் ஏதாவது எழுதவேண்டும் என்று பேனையைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தேன். கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டிவிட்டேன்.